மாத்திரை தீர்ந்துவிட்டது என்று வந்தவர்: 11 மாதத்தில் 7 அவசர வருகைகள்

இரவு 2 மணி 40 நிமிடம், எங்கள் அவசரப் பிரிவு. வருபவர்களை அவசரத்தின்படி பிரிக்கும் ட்ரையேஜ் நர்ஸ் எதுவும் எழுதாமல் சக்கர நாற்காலியை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலியில் 63 வயது அம்மா ஒருவர். இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேச அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. நிமிடத்துக்கு 34 மூச்சு, ஆக்ஸிஜன் அளவு 84 சதவீதம், பி.பி. 190/110. முதுகில் ஸ்டெத்தை வைத்தால் இரண்டு பக்கமும் பாதி உயரம் வரை நீர் கொப்பளிக்கிற சத்தம். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது.

நிமிர்த்தி உட்காரவைத்து, அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் பைபேப் முகமூடி மாட்டி, ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் ஏற்றி, உடலிலிருந்து நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைடு ஊசி போட்டோம். முக்கால் மணி நேரத்தில் முகமூடியைக் கொஞ்சம் விலக்கிப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார். இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு வருபவர்களை இந்த வேலையில் வாரந்தோறும் பார்க்கிறோம். அதில் புதிதாக எதுவும் இல்லை. மகள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அம்மா சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாம் அதில்தான் என்றார். வாங்கிக் கட்டில் ஓரத்தில் கொட்டினேன்.

11 அட்டைகள். பி.பி.யையும் நாடித்துடிப்பையும் குறைக்கும் மெட்டோபிரொலால் இரண்டு வேறு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. சர்க்கரைக்கான க்ளிபென்கிளமைடு ஒன்று. பாதி தீர்ந்த ஃப்யூரோசமைடு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், மடங்கி மடங்கி ஓரம் வெளுத்துப்போன ஒரு அட்டையில் நான்கு மாத்திரைகள் மிச்சம். டைக்ளோஃபெனாக்.

"இது எதுக்கும்மா?"

"அது மூட்டு வலிக்கு டாக்டர். அது ஒண்ணுதான் எனக்கு நல்லா கேக்குது."

"எத்தனை நாளா போடுறீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "எட்டு மாசம் இருக்கும்."

கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 11 மாதத்தில் இது 7-வது வருகை. முந்தைய ஷீட்டுகளில் வேறு வேறு டாக்டர்களின் கையெழுத்துகள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த 6-வது வருகையின் கீழே என் கையெழுத்தே இருந்தது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம் ஃப்யூரோசமைடு அளவை இரட்டிப்பாக்கி, "ஆரம்ப சுகாதார மருத்துவரைப் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பியதுதான். பையைக் கேட்கவே இல்லை.

இந்த ஆய்வை எழுத அதுதான் காரணம். நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ வரிசையை மாற்றவில்லை.

ஏழு வருகைகள், ஒன்றன்பின் ஒன்றாக

முதல் வருகை நள்ளிரவு மூச்சுத்திணறல். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 30 சதவீதம். ஏற்கெனவே சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இருந்தவர். 5 நாள் வார்டில் இருந்து, 14 நாளுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் தாளில் 7 நாளுக்குள் ஆரம்ப சுகாதார மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருந்தது. எந்த மருத்துவர், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எதுவும் இல்லை.

அவர் போகாமல் இல்லை. 9-வது நாள் போனார். டிஸ்சார்ஜ் தாள் வீட்டு அலமாரியில் இருந்துவிட்டது. அன்று அங்கே இருந்தவர் வழக்கமான டாக்டருக்குப் பதில் வந்தவர். பி.பி. பார்த்தார், கூடுதலாக இருந்தது, பி.பி. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதுவும் மெட்டோபிரொலால்தான், வேறு பெயரில். அவர் தப்பாக எதுவும் எழுதவில்லை. கையில் இருந்த தகவலுக்குச் சரியானதைத்தான் எழுதினார். தகவல்தான் அலமாரியில் இருந்தது.

இரண்டாவது வருகை அதன் விளைவு. தலைசுற்றல், நாடித்துடிப்பு 42. நம் ஆட்கள் மெட்டோபிரொலாலைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். அந்த அம்மாவும் சொன்னபடியே ஒரு அட்டையில் பாதியாகக் குறைத்தார். இன்னொரு அட்டை அப்படியே ஓடியது.

மூன்றாவது மாதத்தில் மூட்டு வலிக்கு ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். 5 நாளுக்கு டைக்ளோஃபெனாக். இதயம் பலவீனம் என்று இவர் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. மூட்டுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளி நினைப்பது இயல்புதானே? வலி விட்டது. 5 நாள் முடிந்ததும் அதே அட்டையைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டே இருந்தார்.

நான்காவது மாதம், மூன்றாவது வருகை. காலையில் எழுப்பினால் குழறிக்கொண்டிருக்கிறார் என்று மகள் தூக்கி வந்தார். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். ஒரு நாள் கண்காணிப்பில் வைத்து, "சர்க்கரை டாக்டரைப் பார்க்கவும்" என்று அனுப்பினார்கள். அன்றைய ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு, 1.9 என்று இருக்கிறது. முதல் வருகையில் 1.1. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை, ஏனென்றால் இரண்டும் இரண்டு வேறு ஷீட்டில் இருந்தன.

நான்காவது வருகையைப் பிறகு சொல்கிறேன். இந்த ஆய்வின் மையமே அதுதான்.

ஐந்தாவது, நான்காவதுக்கு 9 நாள் கழித்து. அதிகாலை 3 மணி, நுரையீரல் முழுக்க நீர், மூன்று நாள் ஐ.சி.யு., மொத்தம் 8 நாள். ஆறாவது, நான் பார்த்தது. ஏழாவதை மேலே சொல்லிவிட்டேன்.

டைக்ளோஃபெனாக் செய்த வேலை

எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிப் பார்த்தபோது ஒரு கோடு தெரிந்தது. டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். பலவீனமான இதயத்தால் அந்தக் கூடுதல் பாரத்தை இழுக்க முடியாது. நெதர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளின் தரவுகளை வைத்து 2016-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இந்த வகை வலி மாத்திரையை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் அபாயம் 19 சதவீதம் கூடுதல் என்று சொன்னது.

அது ஒரு பக்கம். இந்த அம்மா இதயத்துக்கும் பி.பி.க்குமான எனலாப்ரில் எடுத்துக்கொண்டிருந்தார், ஃப்யூரோசமைடும் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. உள்ளே வரும் ரத்தக் குழாய் சுருங்கும், வெளியே போகும் குழாய் விரியும், ரத்தத்தில் நீரின் அளவும் குறையும். வடிகட்டத் தேவையான அழுத்தம் இல்லாமல் போகும். 1.1 ஆக இருந்த கிரியாட்டினின் 1.9 ஆனது அப்படித்தான். சிறுநீரகம் சோர்ந்தால் க்ளிபென்கிளமைடும் அதன் கழிவுப் பொருள்களும் வெளியேறாமல் உடலில் தங்கும். சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆக, நான்காவது மாதக் காலையில் சர்க்கரை 38-க்கு விழுந்ததற்கும் மூட்டு வலி மாத்திரைதான் பின்னணி.

மூச்சுத்திணறலுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர், நாடித்துடிப்புக்கு ஒரு டாக்டர். அவரவர் பங்குக்கு அவரவர் பார்த்தோம். அந்த அம்மாவை முழுதாகப் பார்க்கிற வேலை மட்டும் யார் பெயரிலும் இல்லை. ஆரம்ப சுகாதாரம் என்ற ஏற்பாடே அந்த வேலைக்காகத்தான் இருக்கிறது. ஆரம்ப சுகாதாரத்தை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு இதை நான்கு குணங்களாகச் சொன்னார்: எந்தப் பிரச்சினைக்கும் முதலில் போகிற இடமாக இருப்பது, ஆண்டுக்கணக்கில் அதே ஆளைத் தொடர்ந்து பார்ப்பது, பெரும்பாலான தேவைகளை அங்கேயே தீர்ப்பது, வேறு இடங்களில் நடப்பதையெல்லாம் ஒன்றாகக் கோர்ப்பது. 1978-ல் கஜகஸ்தானின் அல்மா-ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம்தான் அடித்தளம் என்று அறிவித்தன, 40 ஆண்டு கழித்து 2018-ல் அதே நாட்டின் அஸ்தானாவில் அதையே திரும்பவும் உறுதி செய்தன. இந்த அம்மாவுக்கு அந்த நான்கில் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

பச்சை அட்டை போட்ட வருகை

இப்போது நான்காவது வருகை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி 10 நிமிடம். ட்ரையேஜ் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "மாத்திரை தீர்ந்துவிட்டது. கால் லேசான வீக்கம். மூச்சு சிரமம் இல்லை." நாடி, பி.பி., ஆக்ஸிஜன் எல்லாம் ஏறக்குறைய சரி. பச்சை அட்டை, அதாவது அவசரம் குறைவு. அன்று இரண்டு விபத்துக் கேஸ்கள். 3 மணி 20 நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு மகளுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார். ஷீட்டில் கடைசி வரி: "டாக்டர் பார்க்கும் முன் சென்றுவிட்டார்."

மாதாந்திரக் கணக்கில் இந்த வருகை எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? "தவிர்த்திருக்கக்கூடியவை" என்ற தலைப்பின் கீழ். 9 நாள் கழித்து வந்த ஐந்தாவது வருகை "உண்மையான அவசரம்" என்ற தலைப்பில். நோய்க் கண்ணோட்டத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே வருகை. நான்காவதில் பத்து நிமிடமும் ஒரு மருந்துச் சீட்டும் போதுமாக இருந்தது. ஐந்தாவதில் ஐ.சி.யு. கட்டில் தேவைப்பட்டது.

அன்று நர்ஸ் தப்புச் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ட்ரையேஜ் என்பது இப்போது, இந்த நிமிடம் உயிருக்கு ஆபத்தா என்று கேட்பது. அந்தக் கேள்விக்குப் பச்சை சரியான விடை. இந்த நபருக்கு அடுத்த இரண்டு வாரத்தில் என்ன ஆகும் என்று கேட்பது வேறு வேலை. அதைக் கேட்கிறவர் சனிக்கிழமை சாயங்காலம் எங்கேயும் இல்லை, அதனால்தான் அவர் எங்களிடம் வந்தார்.

பிறகு அவரிடமே கேட்டேன், ஏன் சுகாதார நிலையத்துக்குப் போகாமல் இங்கே வந்தீர்கள் என்று. குற்றம் சொல்கிற தொனி வந்துவிடக்கூடாது என்று கவனமாகத்தான் கேட்டேன். அவர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. "மகள் வேலை விட்டு வர்ற நேரத்துல அது மூடியிருக்கும். அப்பாயிண்ட்மென்ட் கேட்டா மூணு வாரம் கழிச்சுங்கறாங்க. ரத்தம் எடுக்க ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள். இங்க வந்தா எல்லாம் ஒரே ராத்திரில முடியுது." இதில் அறியாமை எங்கே இருக்கிறது? தன் நிலைமையில் கிடைப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"தேவையில்லாத வருகை" என்ற சொல் எனக்கு அதற்கப்புறம் வாயில் வருவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது நோயாளிக்குத் தெரிந்தது அறிகுறி மட்டும்தான். நோயின் பெயர் நாங்கள் கடைசியில் கொடுப்பது. இதை எண்களில் காட்டிய ஆய்வு ஒன்று 2013-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 35,000 அவசரப் பிரிவு வருகைகளை எடுத்துக்கொண்டார்கள். வெளியே போகும்போது எழுதப்பட்ட நோய்ப் பெயரை வைத்துப் பார்த்தால் 6.3 சதவீதம் பேரை ஆரம்ப சுகாதார மருத்துவரே பார்த்திருக்கலாம். ஆனால் அந்த 6.3 சதவீதத்தினர் உள்ளே வரும்போது சொன்ன அதே அறிகுறிகளைத்தான் மொத்த வருகைகளில் 88.7 சதவீதத்தினரும் சொன்னார்கள். அப்படி ஒரே அறிகுறியோடு வந்தவர்களில் 12.5 சதவீதம் பேரை வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது, அப்படிச் சேர்ந்தவர்களில் 3.4 சதவீதம் பேர் அவசரப் பிரிவிலிருந்தே நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்கள். வாசலில் நின்று "நீ வந்திருக்க வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் அறிவு போதாது என்பதுதான் இதன் பொருள். வருகைகளை வகைப்படுத்தும் முறையை நியூயார்க்கில் உருவாக்கிய ஜான் பில்லிங்ஸ் குழுவினரும், அது ஒரு பகுதி மக்களின் நிலையை அளக்கத்தான், தனி ஆளின் வருகை சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அவசரப் பிரிவு நிரம்புவது பச்சை அட்டைகளாலா?

நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். சளி, காய்ச்சல், மருந்துச் சீட்டு என்று வருபவர்கள் வராமல் இருந்தால் மூச்சுவிடலாம் என்று. கனடாவின் ஒன்டாரியோவில் 110 அவசரப் பிரிவுகளை வைத்துச் செய்து 2007-ல் வெளிவந்த ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. எட்டு மணி நேரத்தில் எளிய பிரச்சினையோடு 10 பேர் கூடுதலாக வந்தால், மற்ற நோயாளிகள் உள்ளே இருக்கும் நேரம் சராசரியாகக் கூடுவது வெறும் 5.4 நிமிடம். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் 2.1 நிமிடம்.

உண்மையான நெரிசல் பின்வாசலில் இருக்கிறது. பார்த்து முடித்து, வார்டில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்து, கட்டில் கிடைக்காமல் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே மணிக்கணக்கில் கிடப்பவர்கள்தான் இடத்தை அடைக்கிறார்கள். இங்கிலாந்தின் தரவுகளை வைத்து 2022-ல் வந்த ஆய்வின்படி, வார்டுக்குப் போவது 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு 82 பேருக்கும் ஒரு கூடுதல் மரணம். இதைப் படித்த அன்று இரவு டியூட்டியில் ஸ்ட்ரெச்சர்களை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

சரி, அப்படியானால் ஆரம்ப சுகாதாரத்துக்கும் அவசரப் பிரிவு நெரிசலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைத்த வழியில் இல்லை. ஆரம்ப சுகாதாரம் சரியாக இருந்தால் பச்சை அட்டைகள் குறைவதால் வரும் லாபம் சிறியது. இந்த அம்மா மாதிரியானவர்கள் சிவப்பு அட்டையாக மாறாமல் இருப்பதில்தான் பெரிய லாபம். ஐந்தாவது வருகையில் அவர் எடுத்துக்கொண்டது 8 நாள் கட்டில். அந்த 8 நாளும் அந்தக் கட்டிலுக்காக எங்கள் ஸ்ட்ரெச்சரில் யாரோ காத்திருந்திருப்பார்கள்.

கதவைத் திறந்தால் போதுமா

நேரத்தை நீட்டினால் பலன் உண்டு, ஒரு அளவுக்கு. கிரேட்டர் மான்செஸ்டரில் 56 குடும்ப மருத்துவ நிலையங்கள் வாரம் ஏழு நாளும் கூடுதல் நேரம் திறந்தபோது, சிறிய பிரச்சினைகளுக்காகத் தாங்களாகவே அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் 26.4 சதவீதம் குறைந்தார்கள். மொத்த வருகையைப் பார்த்தால் குறைவு 3.1 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. இது 2016-ல் வெளியானது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்தது இன்னும் பாடமானது. 2008-ல் அங்கே வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் குறைவாக இருந்ததால் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் என்பதால், கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. காப்பீடு வந்தால் மக்கள் டாக்டரிடம் போவார்கள், அவசரப் பிரிவுக்கு வருவது குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏராளம். 18 மாதத்தில் காப்பீடு கிடைத்தவர்களின் அவசரப் பிரிவு வருகை 40 சதவீதம் கூடியது. டாக்டரிடம் போவதும் கூடியது, இங்கே வருவதும் கூடியது. பணத் தடை விலகினால் மனிதர்கள் இரண்டு கதவையும் தட்டுகிறார்கள். அது நல்லதுதான், அவர்கள் அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் காப்பீட்டு அட்டை கையில் வந்ததாலேயே, நம்மைத் தெரிந்த டாக்டர் ஒருவர் வந்துவிடுவதில்லை.

தெரிந்த டாக்டர் என்பதற்கு எவ்வளவு எடை என்று நார்வே தரவுகள் காட்டின. 45 லட்சம் பேரின் 2018-ம் வருடப் பதிவுகள். ஒரே குடும்ப மருத்துவரிடம் ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்களிடம் வேலை நேரம் கடந்த அவசர சேவையை நாடும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு, அவசரமாக மருத்துவமனையில் சேருவது 28 சதவீதம் குறைவு, மரணம் 25 சதவீதம் குறைவு. உடல்நிலை, வயது போன்றவற்றுக்கு ஈடுசெய்த பிறகும். இது குலுக்கல் சோதனை இல்லை, நீண்ட நாள் ஒரே டாக்டரிடம் இருப்பவர்கள் வேறு விதங்களிலும் நிலையான வாழ்க்கை உள்ளவர்களாக இருக்கலாம். இருந்தும் வருடம் கூடக்கூடப் பலனும் படிப்படியாகக் கூடுகிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இது புரிவது எளிது. பதினைந்து வருடம் பார்த்த டாக்டர் இந்த அம்மாவிடம் "மூட்டுக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டிருப்பார், ஏனென்றால் அவர் அறைக்குள் நடந்து வருவதிலேயே மூட்டு வலி தெரிந்திருக்கும். நான் பார்க்கும்போது அவர் எப்போதும் நாற்காலியிலோ ஸ்ட்ரெச்சரிலோதான் இருந்தார். அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை.

என்ன மாற்றினோம்

மறுநாள் காலை டியூட்டி முடிந்ததும் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். வழக்கமான டாக்டரே எடுத்தார். 11 நிமிடம் பேசினோம். அவரிடம் இருந்த பதிவில் ஒரே ஒரு வரிதான்: அந்த 9-வது நாள் எழுதிய பி.பி. எண். ஏழு வருகைகளில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. "ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நூற்றுக்கணக்கான தாள்களில் "ஆரம்ப சுகாதார மருத்துவரைப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு மருத்துவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மருந்தில் செய்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக் நிறுத்தம், மூட்டுக்குப் பாராசிட்டமாலும் பிசியோதெரபியும். இரண்டு மெட்டோபிரொலாலில் ஒன்று போனது. க்ளிபென்கிளமைடு போனது, சிறுநீரகத்துக்குப் பொருந்துகிற வேறு மாத்திரை வந்தது. 11 அட்டைகள் 6 ஆனது. பழையவற்றை மகளிடமிருந்து வாங்கி அப்புறப்படுத்தினோம், ஏனென்றால் வீட்டில் இருக்கும் அட்டை எப்போதாவது வாய்க்குப் போய்விடும்.

அதைவிட முக்கியமானவை மூன்று. வீட்டுக்குப் போகும்போது கையில் டாக்டரின் பெயரோடு ஒரு தேதியும் நேரமும் இருந்தது, 5-வது நாள் சாயங்காலம். சுகாதார நிலையம் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் திறப்பது அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது, எங்கள் பிரிவில் எங்களுக்கும் தெரியாது. அடுத்து, டிஸ்சார்ஜ் தாளின் நகலை நோயாளி கையில் மட்டும் கொடுக்காமல் அந்த டாக்டருக்கே அனுப்பினோம். மூன்றாவது ஒரு நோட்டு. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுத வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் போன் செய்ய வேண்டும், எந்த எண்ணுக்கு என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டினோம். உடலில் நீர் சேர்வது மூச்சுத்திணறலாகத் தெரிவதற்குப் பல நாள் முன்பே தராசில் தெரிந்துவிடும். இரவு 2 மணி 40 நிமிடத்துக்கு எங்களிடம் வந்த பிரச்சினை, நான்கைந்து நாளுக்கு முன்னால் ஒரு காலையில் தராசில் ஏறியிருக்கும். அன்றைக்கு அது யார் கண்ணிலாவது பட்டால் கூடுதலாக ஒரு மாத்திரையோடு முடிந்துவிடுகிற விஷயம்.

அதற்கப்புறம் 9 மாதம்

அவசரப் பிரிவுக்கு இரண்டு தடவை வந்தார். ஒன்று, விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிவு. இன்னொன்று நெஞ்சு வலி. அதற்கு அவர் முதலில் போனது சுகாதார நிலையத்துக்கு. அந்த டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்து, மருந்துப் பட்டியலோடு கடிதம் எழுதி, போனிலும் சொல்லி அனுப்பிவைத்தார். நாங்கள் வாசலில் காத்திருந்தோம். மூச்சுத்திணறலுக்காக ஒரு தடவைகூட வரவில்லை. நோட்டில் எடை ஏறியது நான்கு தடவை. நான்கு தடவையும் போனிலேயே மருந்தைச் சரிசெய்திருக்கிறார்கள்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நியூ ஜெர்சி மாநிலத்தின் காம்டன் நகரில், திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேருபவர்களைத் தேடிப்பிடித்து, வீட்டுக்கே போய் உதவும் திட்டம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த முடிவு 2020-ல் வந்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 180 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தவர்கள் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. திட்டத்தில் இருந்தவர்களை மட்டும் முன்னும் பின்னும் ஒப்பிட்டிருந்தால் 38 சதவீதப் புள்ளிகள் குறைந்ததுபோல் தெரிந்திருக்கும். மிக மோசமான காலத்தில் நம் கண்ணில் படுபவர்கள், எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு தணிந்துவிடுகிறார்கள். இந்த அம்மாவின் 7, 2 ஆனதிலும் அந்தப் பங்கு இருக்கலாம். ஒரு ஆளை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தியது மட்டும் தானாகத் தணிகிற வகை இல்லை, அதை ஒருவர் கேட்டுக் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது.

எங்கள் பிரிவில் இப்போது இரண்டு வழக்கங்கள் வந்திருக்கின்றன. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று பச்சை அட்டையோடு வருபவர்களை, நாள்பட்ட நோய் இருந்தால், காத்திருக்கும் இடத்திலேயே ஒரு நர்ஸ் பார்த்து, அடுத்த சுகாதார நிலைய நாள் வரைக்குமான மருந்து கிடைக்கச் செய்து, அங்கே ஒரு நேரமும் குறித்துக் கொடுக்கிறார். அப்புறம், ஆண்டில் மூன்றாவது தடவை வருபவர் யாராக இருந்தாலும் "இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க போனீங்க?" என்று கேட்டு, பதிலை ஷீட்டில் எழுத வேண்டும். பல பதில்கள் ஒரே மாதிரி இருக்கின்றன: போனேன், மூடியிருந்தது. போனேன், வேற டாக்டர் இருந்தார். போனேன், அடுத்த மாசம் வரச் சொன்னாங்க. மாதம் ஒருமுறை அந்தப் பதில்களை சுகாதார நிலைய டாக்டர்களோடு உட்கார்ந்து படிக்கிறோம்.

போன வாரம் இந்த அம்மாவைப் பார்க்கிற சுகாதார நிலைய டாக்டர் கூப்பிட்டார். அவருக்கு அடுத்த மாதம் மாற்றல். புதிதாக வருகிறவருக்குத் தொடர்ந்து கவனிக்க வேண்டியவர்கள் பற்றி ஆளுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், இந்த அம்மாவின் கடிதத்தில் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று படித்துக் காட்டினார். முதல் வரியே டைக்ளோஃபெனாக் கூடாது என்றுதான் இருந்தது. மெட்டோபிரொலாலின் இரண்டு கம்பெனிப் பெயர்களையும் சேர்த்து எழுதிவிடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். புதியவரின் முதல் நாளன்று சாயங்காலத்துக்கு அந்த அம்மாவுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள், பையோடு வரச் சொல்லி.